வாசலில் நின்றவர்கள்

கல்லூரி நாட்களில் தாம்பரம் விமானப்படைத் தளத்தைத் தாண்டும்போதெல்லாம் நாம் வானத்தைத்தான் பார்ப்போம். விமானிகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் பள்ளி 1954 முதல் அங்கே நடக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு நின்றவரை யார் கவனித்தோம்?

அப்படி நின்ற ஒருவர் ஐயப்பன்தாங்கலில் எங்கள் தெருவில் இருக்கிறார். ராணுவத்தில் பென்ஷன் வாங்கியபின் பாதுகாப்புக் காவற்படையில் மறுபடி சேர்ந்தவர். யாராவது "வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டால், "டி.எஸ்.சி. சார், அதுவும் படைதான்" என்பார்.

1947 பிப்ரவரி 25-இல் மதுராவில் தொடங்கிய படை அது. 1959-இல் அதன் மையம் கேரளத்துக் கண்ணூருக்கு வந்தது. பெரும்பாலோர் முன்னாள் ராணுவ வீரர்கள். விமானத் தளங்கள், ஆயுதக் கிடங்குகள் என்று பல இடங்களில் இவர்கள் காவல் உண்டு.

2016 ஜனவரி 2 விடியற்காலை பஞ்சாபில் பதான்கோட் விமானத் தளத்துக்குள் பயங்கரவாதிகள் புகுந்தார்கள். அந்தச் சண்டையில் உயிர்விட்ட ஏழு வீரர்களில் ஐந்து பேர் இந்தப் படையினர். அவர்களில் ஜகதீஷ் சந்த் கையில் ஆயுதமே இல்லாமல் ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியாலேயே அவனைச் சுட்டுவிட்டு வீழ்ந்தார்.

இதைச் சொன்னபோது எங்கள் தெருக்காரர் சிரிக்கவில்லை. "ராத்திரி டூட்டி அப்படித்தான் சார்" என்றார். இனி அந்த வாசலைத் தாண்டும்போது ஒரு வணக்கமாவது வைப்போமே!