பெயருக்குள் வரலாறு – 12: வவிலோவ்கள் மூவர்

1940 ஆகஸ்ட் 6. உக்ரைனின் மேற்கு மூலையில், செர்னிவ்ட்ஸி நகரை ஒட்டிய மலைப்பக்கம் செடி சேகரிக்கப் போயிருந்தார் ஒரு விஞ்ஞானி. மாஸ்கோவிலிருந்து அவசர அழைப்பு என்று சொல்லி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நிகோலாய் வவிலோவ் அதன்பிறகு வீடு திரும்பவே இல்லை.

‘வவிலா’ என்பது ரஷ்யாவின் பழைய ஞானஸ்நானப் பெயர். அதனுடன் ‘ஓவ்’ விகுதி சேர்ந்தால் வவிலாவின் வழி வந்தவர் என்று அர்த்தம். அந்தப் பெயரைத் தாங்கிய மூவருக்கு மூன்று விதி.

மூத்தவர் நிகோலாய், 1887-இல் பிறந்தவர். எந்தப் பயிர் எந்த மண்ணில் பிறந்தது என்று தேடி நாடு நாடாக அலைந்தார். லெனின்கிராடில் அவர் நடத்திய நிறுவனத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் சேர்ந்தன. ஆனால் மரபியலையே மறுத்த வேளாண் விஞ்ஞானி லிசென்கோவுக்கு ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. எதிர்த்துப் பேசிய நிகோலாய்க்கு 1941-இல் மரண தண்டனை. அது 20 ஆண்டுச் சிறையாகக் குறைந்தும் பயனில்லை. 1943 ஜனவரி 26 அன்று சரத்தோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். போரில் முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடிலோ, அவருடைய ஊழியர்கள் விதையில் கைவைக்காமல் பசியோடு மடிந்தார்கள். நெல் ரகங்களைக் காத்த ஒருவர் அந்த நெல் பொட்டலங்களுக்கு நடுவிலேயே உயிரைவிட்டார்.

தம்பி செர்கேய் ஒளியியல் மேதை. அண்ணன் இறந்து இரண்டே ஆண்டில், 1945-இல், அவரைச் சோவியத் அறிவியல் அகாதெமியின் தலைவராக்கியது அதே அரசு. அதே அகாதெமியில் லிசென்கோவும் உறுப்பினர். செர்கேயின் மாணவர் செரென்கோவ் கண்ட நீல ஒளிக்கு 1958-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் செர்கேய் 1951 ஜனவரி 25 அன்றே இறந்துவிட்டார். விடிந்தால் அண்ணனின் நினைவுநாள். நிகோலாய் மீதான பழியை அரசு 1955-இல்தான் நீக்கியது.

மூன்றாமவர் விளதீமிர் (1925–1973), கிதார், லூட் கலைஞர். தாமே இயற்றிய இசையைப் பழைய ஐரோப்பியப் படைப்புகள் என்று சொல்லி 1970 வாக்கில் இசைத்தட்டாக வெளியிட்டார். அதிலிருந்த ‘ஆவே மரியா’ என்ற பாட்டுக்கு, இயற்றியவர் பெயர் தெரியாது என்று அச்சிட்டிருந்தார்கள். அவர் இறந்தபின் யாரோ அதை 16-ஆம் நூற்றாண்டில் பிறந்த இத்தாலிய இசையமைப்பாளர் காச்சினியின் கணக்கில் எழுதிவிட்டார்கள், உலகமும் நம்பிவிட்டது.

அடுத்த முறை ‘காச்சினியின் ஆவே மரியா’ காதில் விழுந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: அது வவிலோவின் பாட்டு.