கல்யாணத்துக்கு போட்டோகிராபர் புக் பண்றீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை கவனிங்க!

பந்தியில் சாம்பார் தீர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் ரீடேக் கிடையாது. ஆனாலும், மண்டபத்துக்கு ரசீது கேட்கும் பல குடும்பங்கள் போட்டோகிராபரிடம் மட்டும் வாய் வார்த்தையை நம்பி பணம் கொடுத்துவிடுகின்றன. மாதக்கணக்கில் ஆல்பம் வராதபோதுதான் சிக்கல் தெரியவருகிறது. அதைத் தவிர்ப்பது எப்படி?

இன்ஸ்டாகிராம் மட்டும் போதாது

இன்ஸ்டாகிராமில் இருப்பவை பல கல்யாணங்களில் இருந்து பொறுக்கி எடுத்த படங்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஹோமப் புகைக்கு நடுவே முகங்கள் தெளிவாக இருக்கிறதா? ரிசப்ஷன் மேடையின் கலர் லைட்டில் தோல் நிறம் மாறிவிட்டதா? மணமக்களைத் தவிர, தாத்தா பாட்டியும் படத்தில் இருக்கிறார்களா? இதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

கேமராவோடு வரப்போவது யார்?

பெரிய முகூர்த்த நாளில் ஒரே ஸ்டூடியோ இரண்டு, மூன்று கல்யாணங்களை எடுப்பது சகஜம். உங்களிடம் பேசியவரே வருவாரா, வேறு ஆளை அனுப்புவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேறு ஆள் என்றால், அவர் எடுத்த படங்களைப் பார்க்க வேண்டும்.

எழுத்தில் என்னென்ன இருக்கணும்?

பத்திரம் எல்லாம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சம்மதம்' என்று பதில் வாங்கினாலும் பின்னாளில் ஆதாரமாக உதவும்.

• எந்தெந்த நிகழ்ச்சி, எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா
• கேண்டிட், ட்ரெடிஷனல், வீடியோ மூன்றும் சேர்த்தா, தனித்தனி கட்டணமா
• ஆல்பம் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை பக்கம்
• எடிட் செய்யாத படங்கள் கிடைக்குமா
• கட்டணத்தில் ஜிஎஸ்டி அடக்கமா
• ஆல்பம், வீடியோ கைக்கு வரும் தேதி
• தேதி மாறினால் அட்வான்ஸ் என்ன ஆகும்

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்திவைப்பது நல்லது. யுபிஐ அல்லது வங்கி வழியாகச் செலுத்தினால் கணக்கு இருக்கும்.

படம் யாருக்குச் சொந்தம்?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் அவரே முதல் உரிமையாளர். வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே இது மாறும். அதனால் ஸ்டூடியோ தரும் பேப்பரில் கையெழுத்துப் போடும் முன், உரிமை பற்றிய வரியைப் படித்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் படங்களை ஸ்டூடியோ விளம்பரத்துக்குப் போடலாமா, கூடாதா என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

ட்ரோன் வேணுமா?

2021 ட்ரோன் விதிகளின்படி, எங்கு வேண்டுமானாலும் ட்ரோன் பறக்கவிட முடியாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மண்டலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. விமான நிலையத்துக்கு அருகில் மண்டபம் என்றால் கூடுதல் கவனம் தேவை. அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில், கெடு தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறந்துடாதீங்க.

கடைசியாக ஒன்று. படங்கள் கைக்கு வந்த அன்றே இரண்டு இடங்களில் காப்பி எடுத்து வையுங்கள். ஒரே பென் டிரைவை நம்பி இருக்க வேண்டாம்!