மின்மிதிவண்டி: மேட்டுப் பாதைக்கான தேர்வும் ஓட்டிப் பார்த்தலும்

மின்மிதிவண்டி என்பது மிதிப்பவரின் கால்வலுவோடு ஒரு சிறு மோட்டாரின் விசையும் சேர்ந்து ஓட்டும் சைக்கிள். மின்கலம், மோட்டார், மிதிப்பதை அறியும் உணரி, மின்னோட்டத்தை அளந்து விடும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை சாதாரண சைக்கிளில் இல்லாத இதன் உறுப்புகள். மிதிக்காமலே, கைப்பிடியைத் திருகினால் ஓடும் வகையும் உண்டு. சமதளத்தில் ஏறக்குறைய எல்லா மின்மிதிவண்டிகளும் நன்றாகவே ஓடும். ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு வெளிப்படுவது மேட்டில்தான். ஆகவே வேலைக்குப் போகும் வழியில் ஏற்றம் உள்ளவர்கள், விளம்பரத் தாளில் உள்ள எண்களைவிட அந்த ஏற்றத்தையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

தோற்றமும் சட்டமும்

பின்சக்கரத்தின் அச்சில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று காப்புரிமை பெற்றார். ஆனால் கால்விசைக்கேற்ப மோட்டார் துணைநிற்கும் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது யமஹா. ஜப்பானில் 1993இல் வெளிவந்த ‘பாஸ்’ அதன் பெயர். ஜப்பானியச் சட்டத்தில் மேட்டுக்காரர்களுக்குப் பயன்படும் ஒரு நுட்பம் இருக்கிறது. மணிக்கு 10 கி.மீ. வேகம் வரை, கால் தரும் விசையைப் போல் இரு மடங்கை மோட்டார் தரலாம். பிறகு அந்த விகிதம் குறைந்துகொண்டே போய் 24 கி.மீ. வேகத்தில் சுழியாகிவிட வேண்டும். 2008 வரை ஒன்றுக்கு ஒன்றாக இருந்த விகிதத்தை உயர்த்தியதால், ஏற்றத்தில் புறப்படும்போது, அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது நிறையக் கிடைக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்திறன் 250 வாட், துணைவேக வரம்பு 25 கி.மீ. இந்த வரம்புக்குள் இருப்பது சட்டப்படி சைக்கிளே. 45 கி.மீ. வரை துணைநிற்கும் வண்டிக்கு ஜெர்மனியில் காப்பீட்டுப் பலகை, ஓட்டுநர் உரிமம், தலைக்கவசம் எல்லாம் வேண்டும். இந்தியாவிலும் 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்குப் பதிவோ உரிமமோ தேவையில்லை.

ஒரு மலை நகரம்: ஷ்டுட்கார்ட்

மேட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரம் ஏற்றது. நகரின் மையம் பள்ளத்தில் இருக்கிறது. வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் சுற்றியுள்ள சரிவுகளில் ஏறிச் செல்கின்றன. மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து டேகர்லோக் மேட்டுக்கு, 1884இல் தொடங்கிய பற்சக்கர ரயில் ஒன்று ஓடுகிறது. சுமார் 2.2 கி.மீ. தூரத்தில் 205 மீட்டர் உயரம் ஏறும் அந்த ரயில், சைக்கிள்களை ஏற்றுவதற்கென்றே முன்னால் ஒரு திறந்த பெட்டியைத் தள்ளிச் செல்கிறது. சைக்கிளில் ஏறிப் போக இயலாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்தப் பெட்டியே சான்று.

மின்மிதிவண்டி இதே ஏற்றத்தை எப்படிக் கடக்கிறது? ஓட்டுபவர், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். அதை 205 மீட்டர் தூக்க ஏறத்தாழ 56 வாட்-மணி ஆற்றல் வேண்டும். பத்து விழுக்காட்டுச் சரிவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால், ஈர்ப்புவிசையை எதிர்க்க மட்டும் 270 வாட்டுக்கு மேல் செலவாகும். பயிற்சியில்லாத ஒருவர் தொடர்ந்து தரக்கூடியது 100 வாட் அளவுதான். மீதியை மோட்டார் தர வேண்டும். 250 வாட் என்பது தொடர்ந்து தரும் திறனைக் குறிப்பது. சிறிது நேரத்துக்கு அதைப் போல் இரு மடங்கு தரும் மோட்டார்களும் உண்டு. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பெரும்பாலான வண்டிகளின் பெயர்ப்பலகையில் அதே 250 இருப்பதால், வண்டிகளை ஒப்பிட அந்த எண் உதவாது.

முறுக்குவிசையும் கியரும்

ஒப்பிட உதவுவது முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் வலு. இதை நியூட்டன்-மீட்டரில் குறிப்பார்கள். இங்கேயும் வாங்குபவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் ஓர் இடம் இருக்கிறது: மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் இந்த எண்ணை ஒப்பிடக் கூடாது.

மேலே சொன்ன 100 கிலோவைப் பத்து விழுக்காட்டுச் சரிவில் ஏற்ற, வழக்கமான பெரிய சக்கரத்தில் 34 நியூட்டன்-மீட்டருக்கு மேல் வேண்டும். 17 விழுக்காட்டில் அது 58ஐ நெருங்கும். சக்கரத்தின் நடுவிலேயே அமர்ந்திருக்கும் ஹப் மோட்டார் 40 நியூட்டன்-மீட்டர் தருமானால், சக்கரத்துக்குக் கிடைப்பது அந்த 40 மட்டுமே. பெடல் அச்சில் அமைந்த நடுமோட்டாரின் விசையோ செயின் வழியாக, கியரைக் கடந்து போகிறது. 65 நியூட்டன்-மீட்டர் மோட்டார், முன்னே 38 பல், பின்னே 46 பல் என்றால் சக்கரத்துக்கு 78க்கு மேல் கிடைக்கும். அதே வண்டியைப் பின்னே 13 பல் உள்ள சிறிய பல்சக்கரத்தில் ஓட்டினால் வெறும் 22 தான். நல்ல நடுமோட்டார் வண்டியையும் தவறான கியரில் மேட்டில் ஏற்றி, “இழுக்கவில்லை” என்று ஒதுக்கிவிட முடியும் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹப் மோட்டாருக்கு இன்னொரு இடர் வெப்பம். செங்குத்தான இடத்தில் சக்கரம் மெல்லச் சுழலும்போது மின்னோட்டம் அதிகமாகும், பயன்திறன் குறையும், எஞ்சியது சூடாகும். சூடு ஏறினால் கட்டுப்பாட்டுப் பெட்டி விசையைக் குறைத்துவிடும். ஒரு பாலம், ஒரு சிறு மேடு என்றால் இது தெரியாது. நீண்ட மலைச்சாலையில் தெரியும். மறுபுறம், ஹப் மோட்டார் விலை குறைவு, செயினும் பல்சக்கரமும் அதில் விரைவில் தேயாது. இந்தியாவில் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் பின்சக்கர ஹப் மோட்டார் வண்டிகளே. மதுரை, திருச்சி போன்ற ஊர்களின் சமவெளிச் சாலைகளுக்கு அவை போதும். உதகையிலும் கொடைக்கானலிலும் வாங்குபவர் ஏற்றிப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

மின்கலம்

கொள்ளளவை வாட்-மணியில் கேட்க வேண்டும். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 500 வாட்-மணி. ஏற்ற வேலையில் மூன்றில் இரண்டு பங்கை மோட்டார் செய்கிறது, மின்கலத்திலிருந்து சக்கரம் சேர்வதற்குள் கால்பங்கு வீணாகிறது என்று கொண்டால், 100 கிலோவுக்கு ஒவ்வொரு 100 மீட்டர் உயரமும் ஏறக்குறைய 25 வாட்-மணியைக் குடிக்கும். இது சமதளச் செலவுக்கு மேல் வருவது. விளம்பரத்தில் வரும் ‘120 கி.மீ.’ போன்ற தூரங்கள் மிகக் குறைந்த துணையில், சமமான சாலையில் கிடைப்பவை. குளிரில் தூரம் குறையும்; ஆண்டுகள் போகப் போக மேலும் குறையும். நடுமோட்டார் வண்டிகளில் இறக்கத்தில் மின்னூட்டம் திரும்பி ஏறுவதில்லை.

தரமற்ற மின்கலங்கள் தீப்பற்றியதில் உயிர்கள் போன நியூயார்க் நகரில், 2023 முதல் யுஎல் 2849 தரச்சான்று இல்லாத மின்மிதிவண்டிகளை விற்கத் தடை இருக்கிறது. வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் ஏற்றும் பொருள் இது. பெயர் தெரியாத நிறுவனத்தின் மலிவான மின்கலத்தை எவரும் வாங்க வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

கடை வாசலில் ஒரு சுற்று சுற்றி வருவது ஓட்டிப் பார்த்ததாகாது. டயரில் காற்றும் சீட்டின் உயரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொண்டு, அன்றாடம் கொண்டுபோகும் எடையைக் கேரியரில் கட்டி, இயன்றால் தன் வழியிலுள்ள மேட்டுக்கே போக வேண்டும். ஏறுவதற்கு முன்பே பின்னே உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு, எழுந்து நிற்காமல் உட்கார்ந்தபடியே ஏறிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, மேட்டின் நடுவில் நிறுத்தி மறுபடி புறப்படுவது. சிக்னலிலும் நெரிசலிலும் அன்றாடம் நேர்வது இதுதான். மிதியின் அழுத்தத்தை அளக்கும் உணரி உள்ள வண்டி, கால் வைத்ததுமே தள்ளும். பெடல் சுழல்வதை மட்டும் அறியும் உணரி என்றால், அரைச் சுற்றோ ஒரு சுற்றோ வெறுங்காலால் மிதித்த பிறகே மோட்டார் விழிக்கும். சரிவில் அதற்குள் வண்டி தள்ளாடும், சில நேரம் நின்றே போகும். சமதளத்தில் ஓட்டியவருக்கு இந்தக் குறை கண்ணில் படாது.

இறக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 205 மீட்டர் இறங்கும்போது 100 கிலோ வெளிவிடும் ஆற்றலால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேர்கிறது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும், 180 மில்லிமீட்டர் அளவுத் தட்டும் மலைவழிக்கு ஏற்றவை. இரண்டு விரலால் பிடித்தே வண்டி நிற்க வேண்டும்.

பிறகு மோட்டாரை அணைத்துவிட்டுச் சிறிது தூரம் மிதிக்கலாம். வழியில் மின்னூட்டம் தீர்ந்தால் என்ன கதி என்பது தெரியும். 25 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது மோட்டார் மெதுவாக விலகுகிறதா, பிடித்து இழுப்பது போலிருக்கிறதா என்றும் கவனிக்கலாம். இவ்வகை வண்டிகள் பல 22 முதல் 27 கிலோ வரை இருப்பதால், மாடியில் குடியிருப்பவர் படியேற்றிப் பார்ப்பதும் சோதனையில் அடங்கும். தள்ளிக்கொண்டு நடக்கும்போது 6 கி.மீ. வேகம் வரை உதவும் பொத்தான் பல வண்டிகளில் உண்டு. ஏற்றமான பாதையில் அது பெரிய துணை.

பழைய வண்டி என்றால், மின்கலம் எத்தனை முறை முழுச் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். பெரிய நிறுவனங்களின் மோட்டார்களில் கணினியை இணைத்து இதைப் படித்துச் சொல்ல அங்கீகரிக்கப்பட்ட கடைகளால் முடியும். அதே மின்கலம் புதிதாக இன்னும் கிடைக்கிறதா, என்ன விலை என்று தெரிந்த பின்னரே பேரம் பேசலாம்.