கீழ் வகுப்புகளில் ஒழுங்கு: பிரம்பும் இடாப்பும்

இம்மலருக்கென எமக்கு வந்து சேர்ந்த நினைவுக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றிப் பேசின. அது பிரம்பு. லண்டனிலிருந்தும் தோஹாவிலிருந்தும் எழுதிய சகோதரியரும், மடவளை பஸாரிலிருந்து தாமே நடந்து வந்து தாளைத் தந்தவர்களும், "அன்று டீச்சர் அடித்த அடிதான் எம்மை ஆளாக்கியது" என்ற வரியை ஏறத்தாழ ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். நூற்றாண்டுக் கண்காட்சியில் வைக்கும்படி ஒரு சகோதரி பழைய பிரம்பொன்றுக்கு நாடா கட்டி அனுப்பியும் வைத்தார். மலர்க்குழுக் கூட்டத்தில் அதைக் கையில் எடுத்து வீசிப் பார்த்துச் சிலர் சிரித்தோம். எம்மில் ஒருவர் மட்டும் அதைத் தொடவே மாட்டேன் என்று கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று நீண்ட நேரம் பேசியதன் பயனே இக்கட்டுரை.

அடி எம்மை ஆளாக்கியது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆளானவர்கள். இடையில் நின்றுபோனவர்கள் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை அனுப்புவதில்லை. எமது பேச்சு முழுவதும் இந்த ஒரு விடயத்தையே சுற்றிச் சுற்றி வந்தது.

பிரம்பு எமது பாடசாலையில் பிறந்ததல்ல. பாலர் வகுப்பில் கால் வைக்குமுன்பே ஓதற பள்ளியில் லெப்பையின் கையில் அதைக் கண்டிருந்தோம். "கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் தமிழ் பேசும் எல்லா ஊர்களுக்கும் பொது. 1823இல் சென்னை மாகாணத்துப் பல்லாரியின் கலெக்டராக இருந்த கேம்பல், தம் மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையில் காலை வரவு பதியப்பட்ட முறையை விவரிக்கிறார். முதலில் வருபவனின் உள்ளங்கையில் மரியாதையாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்குப் பூச்சியம், அதாவது புகழுமில்லை, பழியுமில்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு. அப்படியே ஆளுக்கொன்றாக ஏறிக்கொண்டு போகும். பத்தாவதாக வரும் பிள்ளை வீட்டில் தம்பியைத் தூக்கி வைத்திருந்ததா என்று கேட்பவர் எவருமில்லை.

அதே அறிக்கையில் கேம்பல் பாராட்டியதும் ஒன்றுண்டு. கூடப் படித்த பிள்ளை குறையப் படித்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. அந்தப் பெரிய பிள்ளைதான் சட்டாம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் ஆசிரியரையே சட்டம்பியார் என்று அழைத்தார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். மணல் எழுத்தையும் பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிப்பதையும் தம் பள்ளியில் அமைத்துப் பார்த்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாகவும் அச்சிட்டார். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அதே காலத்தில் இத்தகைய முறையை அங்கே பெரிதாகப் பரப்பினார். இங்கிலாந்து சுற்றி வந்த சட்டாம்பிள்ளைதான் எம்மிடம் மொனிட்டராக வந்து சேர்ந்தார் என்றால் பிழையில்லை.

லங்காஸ்டரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பிரம்படியை விரும்பாதவர். அதற்குப் பதிலாகக் கழுத்தில் மரக்கட்டை மாட்டினார், குறும்பு செய்த பையனைக் கூடையில் இட்டு வகுப்பின் முகட்டில் தொங்கவிட்டார். உடம்பு நோகவில்லை, உண்மைதான். ஆனால் கீழே இருந்த நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். இந்தக் கூடையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எமது மண்ணில் முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்கு அடியெடுத்துக் கொடுத்தவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838-1898). கண்டியில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கியபோது தம் சகோதரி முத்து நாச்சியாவையே அதை நடத்த வைத்தார். பெண்ணை அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு, அங்கே இருப்பதும் ஒரு பெண்தான், எம் வீட்டுப் பெண்தான் என்ற உறுதியைத் தருவதற்காகவே அப்படிச் செய்திருப்பார் என்று நாம் எண்ணுகிறோம். பெண் பாடசாலை ஒன்றின் வாசல் எவ்வளவு ஒடுக்கமானது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்த வாசல் எமது காலத்திலும் அகலமாக இருக்கவில்லை. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமானது. கட்டணம் போனாலும் காரணங்கள் போகவில்லை. நானாவுக்கு வாத்தியார் அடித்தால், "இன்னும் ரெண்டு போட்டிருக்கணும்" என்று சொல்லி மறுநாளும் அனுப்பினார்கள். எமக்கு அடி விழுந்து, "நாளெக்குப் போகமாட்டேன்" என்று அழுதால் உம்மும்மாவின் வாயிலிருந்து வந்தது வேறு வார்த்தை: "அப்ப ஊட்டுல இரி." அதில் கோபம் இல்லை, அன்புதான் இருந்தது. அந்த அன்போடு சிலருடைய படிப்பு முடிந்தது. ஆண்பிள்ளைக்கு அடி ஒரு நாள் வலி. பெண்பிள்ளைக்கோ, அவளை நிறுத்திவிட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த வீட்டுக்கு அது கைகொடுத்தது.

பழைய வரவு இடாப்புகள் சிலவற்றை மலர் வேலைக்காகப் புரட்டினோம். விலகிய பிள்ளையின் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. மூன்றாம் வகுப்பிலிருந்து மேலே போகப் போகக் கோடுகள் கூடுகின்றன. வறுமை, வீட்டு வேலை, பெரியபிள்ளையாகியமை, ஊர் மாறியமை எனப் பல காரணங்கள் அதற்குள் இருக்கும். எல்லாவற்றையும் பிரம்பின் தலையில் கட்டுவது நியாயமல்ல. என்றாலும் அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டு போகையில் எமது குழுவிலிருந்தவர்கள் மூன்று இடங்களில் நிறுத்தி, "இவ அந்த அடிக்குப் பிறகு வரல்ல" என்றார்கள். பிரம்பைத் தொட மறுத்தவரின் பக்கத்து வாங்கில் இருந்தவள் அவர்களில் ஒருத்தி.

இனி, வகுப்பு எப்படித்தான் அமைதியாக இருந்தது என்ற கேள்விக்கு வருவோம். நூறாண்டுக் கதையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பழைய மண்டபத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே நீள மண்டபம், அரைச் சுவர், வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஒரு கரும்பலகை மட்டும். முதலாம் வகுப்பு அரிச்சுவடி சொன்னால் நான்காம் வகுப்பின் பெருக்கல் வாய்பாடு கெடும். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்ற கட்டளையை நாம் ஒழுக்கம் என்று எண்ணி வளர்ந்தோம். உண்மையில் அது சுவர் இல்லாத குறைக்குப் பிள்ளைகளின் வாய் கொடுத்த விலை. தடுப்புகள் வந்த பிறகும் கட்டளை மட்டும் போகவில்லை.

ஆசிரியை இல்லாத நேரத்தில் மொனிட்டர் வெண்கட்டியால் கரும்பலகையில் "பேசினவர்கள்" என்று எழுதிக் கீழே பெயர்களை அடுக்குவாள். திரும்பவும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளடி. அந்தப் பட்டியலின் நேர்மை எப்படிப்பட்டது என்பதை இத்தனை வருடங்களுக்குப் பிறகு ஒப்புக்கொள்ளலாம்: ஒரு வெரலிக்காய்க்கு ஒரு பெயர் அழிந்தது, உப்பும் மிளகாய்த்தூளும் சேர்ந்தால் இரண்டு. எம்மில் மொனிட்டராக இருந்த இருவர் இன்று அதிபர்களாக இருக்கிறார்கள் என்பதையும் மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்.

ஆனால் பிரம்பும் பட்டியலும் இல்லாமல் வகுப்பு நடத்தியவர்களும் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் எமக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவரைப் பலரும் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் விடுகிறோம். மணி அடிக்குமுன் வாசலில் நிற்பார். உள்ளே வரும் ஒவ்வொருத்திக்கும் சலாம் சொல்லிப் பெயரையும் சொல்லுவார். ஜனவரி முதல் வாரத்தில் பாடமே இல்லை. எப்படி வரிசையில் போவது, சிலேட்டை எங்கே வைப்பது, தண்ணீர்க் குடம் யார் முறை, வெளியே போகவேண்டுமானால் எந்த விரலைக் காட்டுவது என்பவற்றையே திரும்பத் திரும்பச் செய்விப்பார். பக்கத்து வகுப்பில் அதற்குள் எட்டுப் பக்கம் எழுதி முடித்திருப்பார்கள். வருட நடுவில் பார்த்தால் நாம் முந்தியிருப்போம், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கொப்பி எடுப்பதற்கும் இடம் மாறுவதற்கும் எமக்குச் சண்டை இல்லை.

அவருடைய வகுப்பில் மூன்றே விதிகள். மூன்றும் எம்மிடம் கேட்டே முடிவானவை. ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது, பிறர் பொருளைக் கேட்டு எடுப்பது, பிழை விட்டவளைப் பார்த்துச் சிரிக்காதிருப்பது. சத்தம் கூடினால் அவர் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அது கேட்க வேண்டுமென்பதற்காகவே நாம் அடங்குவோம். அவர் சத்தம் போட்டால் நாம் உதட்டில் விரல் வைக்கலாம் என்ற உரிமையையும் தந்திருந்தார். வருடத்தில் இரண்டு தடவை வைத்தோம். இரண்டு தடவையும் சிரித்துவிட்டு நிறுத்தினார்.

அவருக்கும் எல்லாம் கைகூடவில்லை. தம்பியை ஓதற பள்ளியிலிருந்து கூட்டி வீட்டில் விட்டுவிட்டு வருவதால் தினமும் பிந்திய ஒருத்திக்காக இடாப்புக் கூப்பிடுவதைப் பத்து நிமிடம் தள்ளினார். ஒரு மாதத்துக்குள் இன்னும் நால்வர் பிந்தி வரத் தொடங்கினார்கள், காரணமே இல்லாமல். மீண்டும் பழைய நேரத்துக்கு மாற்றினார். அந்த ஒருத்தியை மட்டும் தனியே அழைத்து, "நீ ஓடி வர வேண்டாம், நான் வரவு போட்டு வைக்கிறேன்" என்றார். மற்றவர்கள் அநியாயம் என்றோம். "அவள் செய்கிற வேலையை நீங்களும் செய்தால் உங்களுக்கும் போடுவேன்" என்றதோடு பேச்சு முடிந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதும் நியாயமாக இருப்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பது எமக்கு ஏழு வயதில் புரிந்தது. அவள் ஐந்தாம் வகுப்பையும் தாண்டிப் படித்தாள்.

சட்டம் மெதுவாகவே வந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, நியாயமான அளவில் மாணவனை அடிக்கும் ஆசிரியர் குற்றம் செய்தவராகார் என்பதைத் தனது உதாரணங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருந்தது. 1939இன் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும் ஆசிரியரின் அந்த உரிமையைக் காப்பாற்றியது. 1991இல் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்றது. கல்வியமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்றது. 12/2016ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அதைப் புதுப்பித்தது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் அறைந்ததால் ஒரு காதின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட தென்பகுதி மாணவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை உறுதிப்படுத்தும் உரிமை மீறப்பட்டது எனத் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் சொன்னது.

2005இல் எம்மில் பலர் ஆசிரியைகளாக இருந்தோம். சுற்றுநிருபத்தை வாசித்தபோது எம் கையைக் கட்டிப்போட்டு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் நாமே குறைப்பட்டோம். குறை முழுவதும் வீண் அல்ல. பிரம்பை எடுத்தவர்கள் அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லித்தரத் தாமதித்தார்கள். அந்த வெற்றிடத்தில் நுழைந்தது நாக்கு. "உன்ட உம்மாவும் இப்படித்தான்", "மாடு மேய்க்கத்தான் லாயக்கு", எல்லோர் முன்னாலும் எழுப்பிக் கறுப்பா வெள்ளையா என்று பேசுவது. லங்காஸ்டரின் கூடை இதுதான். தழும்பு ஆறியதை மறந்துவிட்டோம் என்று எமக்கு எழுதிய சகோதரிகளே, சீருடை கிழிந்திருந்ததற்காகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை நாற்பது வருடங்களுக்குப் பின்னும் எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறார்கள்.

இன்று கீழ் வகுப்புகளில் நிலைமை வேறு. 1999இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டையும் செயற்பாட்டையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளைப் படிக்க முடியாது. பக்கத்திலேயே பொல்கொல்லையில் மகாவலி தேசிய கல்வியியற் கல்லூரி இருப்பதால் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியைகளும் புது முறைகளைக் கொண்டு வருகிறார்கள். கைதட்டலின் தாளத்துக்குப் பதில் தட்டி வகுப்பு அடங்குவதைப் போன மாதம் நேரில் பார்த்தோம். சுவரில் பிள்ளைகளின் கையெழுத்தில் ஐந்து விதிகள். ஐந்தாவதில் ஓர் எழுத்துப்பிழை. அதைத் திருத்தவில்லை. "அவங்க எழுதினது, அப்படியே இருக்கட்டும்" என்றார் அந்த ஆசிரியை. எமது தலைமுறைக்கு அதைப் பார்த்துவிட்டுச் சும்மா வருவது கஷ்டமாகத்தான் இருந்தது.

பிரம்பைக் கண்காட்சியில் வைப்பதா இல்லையா என்று வாக்கெடுத்தோம். வைப்பதென்றே முடிவாகியது. நாடாவை மட்டும் கழற்றிவிட்டு, திறந்த இடாப்பொன்றின் பக்கத்தில் வைப்போம். பெயர்களை மறைத்துவிடுவோம், சிவப்புக் கோடுகள் தெரியும். ஐந்தாம் வகுப்பை முடிக்காமல் நின்ற சகோதரிகளும் எமது பழைய மாணவியரே என்பதால் அவர்களையும் விழாவுக்கு அழைக்க விரும்புகிறோம். உங்கள் வகுப்பில் உங்கள் வாங்கில் இருந்து, ஒரு நாள் வராமல் போனவர் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால், அவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு, சங்கத்துக்கு அறியத் தாருங்கள். அழைப்பிதழை நாமே வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்போம்.