பத்திரம் பேசும் பாஷை

2009-ல் நான் ஒரு புதையலுக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

சென்னையில், இரண்டாவது மாடியில் ஒரு ஃப்ளாட். வங்கிக் கடன், மனைவியின் நகை, மாமனாரின் பி.எஃப். பணம் எல்லாம் சேர்ந்து வாங்கியது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு பத்திர எழுத்தர் என் கிரயப் பத்திரத்தை ஒருமுறை வாசித்துக் காட்டினார். வாசித்தார் என்றா சொன்னேன்? கூட்ட நாளில் கோயிலில் அர்ச்சனை செய்வார்களே, அந்த வேகம். நடுவில் 'நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம்' என்று ஏதோ காதில் விழுந்தது.

''ஐயா, ஒரு நிமிஷம். நிட்சேபம்னா என்ன?''

மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ''பூமிக்குள்ள புதைச்சு வெச்ச பொருள் சார். நாளைக்குத் தோண்டும்போது ஏதாவது கிடைச்சா அது உங்களுக்கு.''

''நான் வாங்கறது ரெண்டாவது மாடி.''

''அதனால என்ன? எங்கப்பாவும் இப்படித்தான் எழுதினார். நானும் எழுதறேன். இங்க கையெழுத்து, அங்க கைநாட்டு.''

போட்டேன். படித்தது பி.காம். பற்று, வரவு, தேய்மானம் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால், வாழ்க்கையிலேயே பெரிய தொகைக்கு நான் போட்ட கையெழுத்து, பாதிக்கு மேல் புரியாத ஒரு தாளில்தான். உங்களில் பலருடைய கதையும் இதுதானே?

அன்றைக்குப் பிடித்த அரிப்பு. பத்திரத்தில் இருந்த ஒவ்வொரு வார்த்தையாகத் துருவ ஆரம்பித்தேன். துருவத் துருவ, ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்து நின்றது. இந்த வார்த்தையை யார், யாருடைய வசதிக்காகக் கொண்டுவந்தார்கள்?

முதலில் என் புதையல். விஜயநகர அரசர்கள் கிராமங்களைத் தானம் கொடுத்தபோது செப்பேட்டில் எட்டு விதமான உரிமைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம். அதாவது புதையல், புதைத்து வைத்த பொருள், நீர், கல், நிலையாக வரும் பலன், இனி வரப்போகும் பலன், ஏற்கெனவே கைவந்தது, முயன்றால் கைவரக்கூடியது. இதற்குப் பெயர் அஷ்டபோகம். முழு கிராமத்தையும் தானம் வாங்குகிறவருக்காக எழுதிய வரி, ஐந்நூறு வருடம் நடந்து வந்து என் இரண்டாவது மாடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1878-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு புதையல் சட்டம் கொண்டுவந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். ராஜா கொடுத்ததைக் கம்பெனிக்குப் பின்னால் வந்த மகாராணி சர்க்கார் வாங்கிக்கொண்டது!

அடுத்தது அளவு. சென்னைக்காரர்கள் கிரவுண்டு என்போம். 60 அடிக்கு 40 அடி, 2,400 சதுர அடி. 24 கிரவுண்டு சேர்ந்தால் ஒரு காணி. காணி என்பது நம் ஊர் வார்த்தை. எண்பதில் ஒரு பங்கு என்ற பின்னத்துக்கும் அதே பெயர். பரம்பரை நில உரிமைக்கும் காணியாட்சி என்றே பெயர்.

சென்னையைத் தாண்டினால் சென்ட். இது லண்டனிலிருந்து வந்தது. 1620-ல் எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, நூறு கண்ணிகள். அது என்ன 66? அங்கேதான் சூட்சுமம். இந்தச் சங்கிலியால் அளந்தால் பத்து சதுரச் சங்கிலி சரியாக ஒரு ஏக்கர். ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழக்கூடிய நிலம் என்பதுதான் ஏக்கரின் பழைய கணக்கு. அந்த மாட்டுக் கணக்கை இவர் தசமக் கணக்கில் அடைத்துவிட்டார். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட். 435.6 சதுர அடி. அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு, குண்டரின் 66-ஐ 66-ஆல் பெருக்கிப் பத்தால் வகுத்துப் பாருங்கள்!

சரி, அளந்தாயிற்று. எதற்காக அளந்தார்கள்? வரி போட.

1792. திப்பு சுல்தான், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலை, அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அங்கே நிர்வாகம் பார்க்க வந்தவர் அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தீவுத்திடல் பக்கம் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல், நிலத்தை உழுகிற ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாக வரி வாங்கலாம் என்ற யோசனை அங்கேதான் வளர்ந்தது. அதுதான் ரயத்துவாரி முறை. 1820-ல் மன்றோ மெட்ராஸ் கவர்னர் ஆனதும் அதை மாகாணம் முழுக்கப் பரப்பினார்.

ஒவ்வொருவரிடமும் நேரடி வசூல் என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு வேண்டுமே. எந்த நிலம், எவ்வளவு பரப்பு, எவ்வளவு தீர்வை, யார் கட்ட வேண்டும்? இந்த விவரங்களோடு குடியானவர் கையில் கொடுத்த சீட்டுதான் பட்டா. கிராமத்தில் யார் யாருக்கு எவ்வளவு என்ற பதிவேடு சிட்டா. எந்த வயலில் என்ன பயிர் என்ற கணக்கு அடங்கல். வருடாவருடம் இதையெல்லாம் தணிக்கை செய்வது ஜமாபந்தி. கணக்கு எழுதிய வருடம் பசலி. ஃபஸல் என்றால் அறுவடை. அறுவடை முடிந்தால்தானே வரி வாங்க முடியும்? அக்பர் காலத்து ஏற்பாடு அது. இன்னமும் நம் வருவாய்த்துறை ஜூலை முதல் தேதிதான் பசலி வருடம் பிறக்கிறது என்கிறது. 2024 ஜூலையில் பிறந்தது பசலி 1434.

வரிக்கு வராத நிலம்? ஊர்ப் பொதுவில் இருக்கும் ஏரி, பாதை, சுடுகாடு, மேய்ச்சல் வெளி? கணக்குக்குப் புறத்தே போனது, புறம்போக்கு. ஊருக்கே சொந்தமான இடத்தின் பெயர் எப்போது திட்டுகிற வார்த்தை ஆனதோ, அப்போதே ஏரிகளுக்கும் ஆபத்து வந்துவிட்டது.

இப்போது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். பட்டா என்றால் என்ன என்று கேட்டால், 'நிலத்துக்கு நான்தான் ஓனர் என்பதற்கு அத்தாட்சி' என்றுதானே சொல்வீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிறந்த கதையைப் பார்த்தீர்களா? 'இந்த நிலத்துக்கு யாரிடம் வரி கேட்கலாம்' என்று சர்க்கார் எழுதிவைத்த குறிப்பு அது. வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பட்டா வேண்டாம் என்று அர்த்தமில்லை. கட்டாயம் வேண்டும். ஆனால், அது மட்டும் போதும் என்று பணத்தைக் கொடுத்தவர்கள் கோர்ட் வராந்தாக்களில் நிற்கிறார்கள்.

''பட்டாதானே போதாது? பத்திரம் ரிஜிஸ்டர் ஆகியிருக்கே சார்!''

அவசரப்படாதீர்கள். இப்போது நடப்பில் இருப்பது 1908-ம் வருடத்துப் பதிவுச் சட்டம். இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்ற சம்பவத்தைத்தான் அது பதிவு செய்கிறது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா? அதற்கு அரசாங்கம் கேரண்டி தருவதில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதுகூட இதைத்தான் சொன்னது. விற்பவரின் உரிமையை ஆராய்வது அந்தச் சட்டப்படி சார்பதிவாளர் வேலை அல்ல.

கேரண்டி தருகிற ஊரும் உண்டு. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பல் கைமாறினால் பதிவேட்டில் பெயரை மாற்றினால் போதும், பழைய பத்திரக்கட்டு எதுவும் வேண்டாம் என்பதைத் தினமும் பார்த்தவர். கப்பலுக்குச் சரிப்படுவது நிலத்துக்கு ஏன் சரிப்படாது என்று யோசித்தார். 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் சட்டமே வந்துவிட்டது. அந்தப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர்; அதற்கு அரசு பொறுப்பு. அதே பிரிட்டிஷ் சாம்ராஜ்யம்தான் இங்கேயும் ஆண்டது. நமக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதனால்தான் முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ், மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வக்கீலின் கருத்துரை என்று நாம் அலைகிறோம். சர்க்கார் செய்யாத வேலையை நாம் கைக்காசு போட்டுச் செய்கிறோம். வில்லங்கச் சான்றிதழும்கூடப் பதிவான வில்லங்கங்களை மட்டும்தான் காட்டும். வாய்வார்த்தைப் பாகப்பிரிவினையோ, கோர்ட்டில் தூங்கும் வழக்கோ அதில் தெரியாமல் போகலாம்.

பத்திரம் முடிந்தது. பணத்துக்கு? வங்கி. வங்கிக்கு? அடமானம்.

மார்ட்கேஜ் என்ற வார்த்தை பழைய பிரெஞ்சு. 'மோர்' என்றால் மரணம், 'காஜ்' என்றால் பிணை. செத்த அடமானம்! என்ன அபசகுனம் என்கிறீர்களா? 12-ம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்தில், இரண்டு விதமாக நிலத்தை அடகு வைப்பார்கள். கடன் கொடுத்தவர் நிலத்தின் விளைச்சலை எடுத்துக்கொண்டு அதை அசலில் கழித்துக்கொண்டே வந்தால் அது உயிருள்ள அடமானம். விளைச்சலையும் எடுத்துக்கொண்டு, அசலும் அப்படியே நின்றால் செத்த அடமானம். இரண்டாவதைப் பாவம் என்றே கருதினார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் இந்நேரம் சிரிப்பார்கள். 'இது நம்ம ஒத்தி ஆச்சே!' ஆமாம், அதேதான். நிலத்தை அனுபவிப்பது வட்டிக்குச் சரி, அசல் தனியாகத் தர வேண்டும்.

பிறகு அர்த்தம் மாறியது. தவணைத் தேதி ஒரு நாள் தப்பினாலும் நிலம் கடன்காரருக்குச் செத்தது என்றார்கள். பல குடும்பங்கள் இப்படித் தெருவுக்கு வந்த பிறகு, 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம் குறுக்கே வந்தது. தேதி தாண்டினாலும் நியாயமான அவகாசத்துக்குள் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்றது. அந்த மீட்கும் உரிமைதான் 1882-ம் வருடத்து நம் சொத்து மாற்றுச் சட்டத்திலும் வந்து உட்கார்ந்தது. நான் தேடிய பட்டியலில், கையில் காசு இல்லாதவனுக்காகப் பிறந்த முதல் வார்த்தை இதுதான்.

அதே சட்டத்தில் நம் ஊருக்கு ஒரு தனி மரியாதையும் உண்டு. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தாலே அடமானம் செல்லும் என்று சலுகை பெற்ற நகரங்களாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய். துறைமுக வியாபாரிகள் அவசரக் கடனுக்கு எழுத்து வேலை இல்லாமல் அலைய வேண்டாமே என்றுதான். நாம் இன்று எம்.ஓ.டி. என்று சொல்வது அந்த ஒப்படைப்புக்கான குறிப்பாணை. கடனை அடைத்ததும் பலர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். ரசீது எழுதிப் பதிவு செய்து ரத்து செய்யாவிட்டால், வில்லங்கச் சான்றிதழில் அந்தக் கடன் உயிரோடு உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, சதுர அடி. எனக்கு ஃப்ளாட் விற்றவர் 950 சதுர அடி என்றார். குடிபோன மறுநாள் டேப் வைத்து அளந்தேன். 690. மீதி எங்கே என்றால் மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கு இருக்கிறது சார் என்றார். அதற்குப் பெயர் சூப்பர் பில்ட்-அப் ஏரியா. சூப்பர்தான்! 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு ஒரு முடிவு கட்டியது. வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி எல்லாம் நீங்கலாக உள்ளே நீங்கள் புழங்குகிற தரைக்கு, உள்சுவர்களையும் சேர்த்து, கார்பெட் ஏரியா என்று பெயர் வைத்து, அந்தக் கணக்கைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றது.

ராஜா தானம் கொடுக்க ஒரு பாஷை. கம்பெனி வசூல் பண்ண ஒரு பாஷை. கடன் கொடுத்தவர் பத்திரமாக இருக்க ஒரு பாஷை. இத்தனையும் குவிந்த தாளில், காசு கொடுத்து வாங்குகிறவனுக்கென்று சட்டத்தில் ஒரு அளவு வந்து சேர 2016 ஆகிவிட்டது. அதனால், கையெழுத்துப் போடுமுன் புரியாத வார்த்தையைக் கேட்டுவிடுங்கள். எழுத்தர் கண்ணாடிக்கு மேலே முறைத்தால் முறைக்கட்டும்.

என் புதையலா? நிட்சேபம் என்பதற்குச் சம்ஸ்கிருதத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. 'நம்பி ஒருவரிடம் ஒப்படைத்த பொருள்'. என் அசல் பத்திரம் வங்கி பெட்டகத்தில் இருக்கிறது. கடன் 2029-ல் முடிகிறது. முழுக்க அடைத்த முப்பது நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவிட்டிருக்கிறது.

அந்தப் புதையலைத் தோண்டி எடுக்கத்தான் மாதாமாதம் ஐந்தாம் தேதி மண்வெட்டி போட்டுக்கொண்டிருக்கிறேன்.