எடையும் புல்லும்: ஓரிகன் தடத்துக்கான ஆயத்தங்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் ‘ஓரிகன் தடம்’ என்று வழங்கும் பாதை, மிசௌரி மாநிலத்தின் மேற்கு எல்லையிலுள்ள ஆற்றங்கரை ஊர்களில் தொடங்கி, பிளாட் ஆற்றை ஒட்டிப் புல்வெளிகளைக் கடந்து, ராக்கி மலைத்தொடரைச் சவுத் பாஸ் என்னும் அகன்ற கணவாய் வழியாகத் தாண்டி, பசிபிக் கரையை அடுத்த வில்லமெட் பள்ளத்தாக்கில் முடிந்த ஏறத்தாழ 2,000 மைல் (3,200 கிலோமீட்டர்) நீள வண்டிப் பாதையாகும். கலிபோர்னியாவுக்கும், மார்மன் சமயத்தார் குடியேறிய சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கும் இதிலிருந்து கிளைகள் பிரிந்தன. 1840 முதல் 1860 வரை இவற்றின் வழியே மேற்கே சென்றவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்பது வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூவின் கணிப்பு. நான்கு முதல் ஆறு மாதம் வரை நீண்ட இப்பயணத்தைப் பற்றிப் பேசுவோர் வழியில் நேர்ந்த பனியையும் பசியையும் நோயையும் விரித்துரைப்பது வழக்கம். ஆயினும் அத்துன்பங்களில் கணிசமானவை புறப்படுவதற்கு முன்பே, என்ன வாங்குவது, எவ்வளவு ஏற்றுவது, எந்த வாரத்தில் வண்டி கட்டுவது என்ற முடிவுகளிலேயே விதைக்கப்பட்டிருந்தன என்பதை அக்காலக் கையேடுகளும் நாட்குறிப்புகளும் காட்டுகின்றன.

ஆயத்தத் தொழிலின் முதல் தலைநகரம் 1827இல் தோன்றிய இண்டிபெண்டன்ஸ் என்ற சிற்றூர். மெக்சிகோவின் சான்டா ஃபே நகருடன் 1820களிலேயே வளர்ந்துவிட்ட வண்டி வணிகத்துக்காக அங்கே கொல்லர்களும் தச்சர்களும் கால்நடைத் தரகர்களும் ஏற்கெனவே கூடியிருந்ததால், குடும்பத்தோடு மேற்கே செல்வோர் 1840களில் வரத் தொடங்கியபோது கடைகள் சரக்கோடு காத்திருந்தன. பின்னர் வெஸ்ட்போர்ட், செயின்ட் ஜோசப், கவுன்சில் பிளஃப்ஸ் ஆகிய ஊர்கள் போட்டிக்கு வந்தன. செயின்ட் லூயிஸிலிருந்து நீராவிப் படகில் வந்திறங்கும் பயணிகளைத் தத்தம் கரைக்கு ஈர்க்க அவை ஒன்றையொன்று பழித்து விளம்பரம் செய்தன. இந்தத் தொழிலில் ஈடுபட்டோருள் தனித்துக் குறிப்பிடத்தக்கவர் ஹைரம் யங். அடிமையாகப் பிறந்து, 1847இல் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்ற இந்தக் கறுப்பினத் தச்சர், 1850களில் இண்டிபெண்டன்ஸில் நடத்திய பட்டறை 1860 அளவில் ஆண்டுக்குச் சுமார் 300 வண்டிகளையும் 6,000 நுகத்தடிகளையும் செய்து தந்தது. அடிமை முறை சட்டப்படி நிலைத்திருந்த ஒரு மாநிலத்தில், வெள்ளையர் குடும்பங்களின் மேற்குக் கனவை அவர் செய்த வண்டிகள் சுமந்து சென்றன.

திரைப்படங்கள் பழக்கிவிட்ட பிரம்மாண்டமான வண்டிக்கும் உண்மையில் பயன்பட்ட வண்டிக்கும் தொடர்பு குறைவு. பென்சில்வேனியாவில் சரக்கேற்றப் பயன்பட்ட கோனஸ்டோகா என்னும் பெருவண்டி இந்தத் தூரத்துக்கு மாடுகளைக் கொன்றுவிடும் எடை கொண்டதாதலால், பெரும்பாலோர் சாதாரண உழவர் வண்டியையே தேர்ந்து, அதன் மேல் வளைந்த மரச் சட்டங்களைப் பொருத்தி, ஆளிவிதை எண்ணெய் ஊறிய கித்தானை இழுத்துக் கட்டிக் கூண்டு வண்டியாக்கிக்கொண்டனர். தொட்டி சுமார் 10 அடி நீளமும் 4 அடி அகலமும் இருக்கும். ஆற்றைக் கடக்கையில் அதை மிதக்கவிட வேண்டியிருந்ததால் இடுக்குகள் தாரால் அடைக்கப்பட்டன. வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியிருந்த முதன்மையான செய்தி, மரம் நன்கு உலர்ந்ததா என்பதே. ஈரம் வற்றாத மரத்தில் செய்த சக்கரம், காற்றில் ஈரப்பதமே இல்லாத மேட்டுநிலத்தை அடைந்ததும் சுருங்கி, வட்டைமேல் இறுகியிருந்த இரும்புப் பட்டா கழன்று விழும். அப்போது சக்கரத்தை இரவு முழுவதும் ஆற்றில் ஊறவிடுவதும், பட்டாவுக்கும் மரத்துக்கும் இடையே ஆப்பு அடிப்பதும் தற்காலிகத் தீர்வுகளாகவே அமைந்தன. அச்சுக்கு மசகிட, தாரும் கொழுப்பும் கலந்த வாளி ஒன்று வண்டியின் பின்புறம் தொங்கியது. உதிரி அச்சும் ஏர்க்காலும் எடுத்துச் செல்ல இடமுள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இழுவை விலங்கு பற்றிய விவாதம் எந்தக் கையேட்டிலும் தவறாமல் இடம்பெறுகிறது. குதிரை தானியமின்றித் தாங்காது என்பதில் பெரும்பாலும் கருத்து வேற்றுமை இல்லை; போட்டி கோவேறு கழுதைக்கும் எருதுக்கும் இடையே நிகழ்ந்தது. அமெரிக்க இராணுவக் கேப்டன் ராண்டல்ஃப் மார்சி, போர்த்துறையின் ஆணையுடன் 1859இல் வெளியிட்ட ‘தி ப்ரெய்ரி டிராவலர்’ என்ற கையேட்டில், ஆறு கோவேறு கழுதைகள் 600 டாலர் ஆகும் இடத்தில் எட்டு எருதுகளை எல்லைப்புற ஊர்களில் சுமார் 200 டாலருக்கு வாங்கிவிடலாம் என்று கணக்குக் காட்டுகிறார். கெட்டியான சாலையில், தூரமும் குறைவாயின் கழுதை விரைவாகச் செல்லும். மணலும் சேறும் கலந்த நெடும்பாதையில் எருதே நீடித்து உழைக்கும். மேலும் எருது காட்டுப் புல்லையே தின்று நாளொன்றுக்குச் சுமார் 15 மைல் நடக்கக்கூடியது, இரவில் கவர்ந்து செல்ல எளிதல்லாதது, நெருக்கடி வந்தால் உணவாகவும் ஆகக்கூடியது. இந்தக் காரணங்களால் தடத்தில் சென்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றை எருதுகளே இழுத்தன. சுமை அளவு எந்த விலங்குக்கும் கடுமையாக வரையறுக்கப்பட்டது: ஆறு கழுதைகள் பூட்டிய வண்டியில்கூட 2,000 பவுண்டுக்கு (சுமார் 900 கிலோ) மேல் ஏற்றலாகாது என்பது மார்சியின் விதி.

அந்த 2,000 பவுண்டில் பெரும்பகுதியை உணவே பிடித்துக்கொண்டது. 1845இல் தடத்தைக் கடந்து 1847இல் தம் பயணக் குறிப்பை வெளியிட்ட ஜோயல் பாமர், வளர்ந்த ஒருவருக்கு 200 பவுண்டு மாவு, 30 பவுண்டு கெட்டி ரொட்டி, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி 75 பவுண்டு, அரிசி 10 பவுண்டு, சர்க்கரை 25 பவுண்டு, காப்பிக்கொட்டை 5 பவுண்டு, இவற்றோடு உலர்பழம், பயறு, உப்பு, ஆப்ப சோடாவை ஒத்த புளிப்பூட்டி ஆகியவற்றைப் பட்டியலிடுகிறார். மார்சியின் பட்டியலோ 110 நாள் பயணத்துக்கு 150 பவுண்டு மாவு, 25 பவுண்டு பன்றிக்கறி என்று சுருங்கி, காப்பியை மட்டும் 15 பவுண்டாக உயர்த்துகிறது. புதிய இறைச்சிக்குக் கால்நடைகளை உடன் ஓட்டிச் செல்லலாம் என்பது அந்தச் சுருக்கத்துக்குப் பின்னுள்ள கணக்கு. காப்பி உயர்ந்ததற்கு அவர் காரணம் சொல்லவில்லையெனினும், உவர்நீரின் சுவையை மறைக்க அது உதவியது என்பது நாட்குறிப்புகளால் தெரிகிறது.

பட்டியலைவிடக் கட்டும் முறையில்தான் மார்சியின் அனுபவம் வெளிப்படுகிறது. மாவை இரட்டைக் கித்தான் பைகளில் நூறு நூறு பவுண்டாகத் தைத்துக்கொள்ள வேண்டும். பன்றிக்கறியை வெப்ப நிலங்களில் பெட்டியில் வைத்துச் சுற்றிலும் தவிடு கொட்டினால் கொழுப்பு உருகி ஓடாது. சர்க்கரையை இரப்பர் பையிலிட்டால் ஈரம் புகாது. வெண்ணெயைக் கொதிக்கவிட்டு, நுரையை வழித்து, எண்ணெய்போல் தெளிந்ததும் தகரக் குப்பியில் அடைத்துப் பற்றவைத்துவிட்டால் நெடுநாள் கெடாது. கடைசியாகச் சொன்னது நெய் காய்ச்சும் முறையே என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வறுத்த மக்காச்சோளத்தை அரைத்துச் சர்க்கரையும் இலவங்கப்பட்டையும் கலந்த மாவையும் அவர் பரிந்துரைக்கிறார். தண்ணீரில் கலக்கினாலே உணவாகிவிடும் அது, மெக்சிகோ மக்களிடமும் பழங்குடியினரிடமும் கற்றுக்கொண்டது. காய்கறியும் பழமும் இல்லாத உணவால் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோய் வருமென்பதால், பாரிஸில் உலர்த்தி அழுத்திச் செய்யப்பட்ட காய்கறிக் கட்டிகளையும் அவர் சேர்க்கச் சொல்கிறார்.

மார்சி இப்படி எடையை அளந்து பேசியதற்குப் பத்தாண்டுப் படிப்பினை பின்னணியாக இருந்தது. 1849இல் கலிபோர்னியத் தங்கத்தை நாடிச் சுமார் 25,000 பேர் ஒரே பருவத்தில் திரண்டபோது, முன் அனுபவமற்ற நகரவாசிகளிடம் கடைக்காரர்கள் எதையும் விற்க முடிந்தது. தங்க மண் அலசும் புதுமைக் கருவிகளும், வார்ப்பிரும்பு அடுப்புகளும், பட்டறைக் கல்லும், தேவைக்கு இருமடங்கு பன்றிக்கறியும் வண்டியேறி, முதல் சில வாரங்களிலேயே மாடுகள் தளர்ந்ததும் வழியோரத்தில் இறக்கப்பட்டன. ஏறத்தாழ 650 மைல் கடந்து லாரமி கோட்டையை அடைந்தவர்கள் அங்கே எறிந்த பொருட்களின் குவியலைக் கண்டு அவ்விடத்துக்குத் ‘தியாக முகாம்’ என்றே பெயரிட்டனர். அதே ஆண்டில் செயின்ட் லூயிஸின் டர்னர்–ஆலன் நிறுவனம், ஆளுக்கு 200 டாலர் கட்டணத்தில், வில் பொருத்திய இலகு வண்டிகளில், உணவோடு சுமார் இரண்டு மாதத்தில் கலிபோர்னியா சேர்ப்பதாக அறிவித்து நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளைத் திரட்டியது. இன்றைய குழுச் சுற்றுலா நிறுவனங்களின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம். தொடக்கத்திலிருந்தே மிகைச்சுமை, போதாத கழுதைகள், காலரா, ஸ்கர்வி என்று தொடர்ந்து, அறிவித்த காலத்தின் இருமடங்கு கடந்தபின்பே அந்தப் பயணம் முடிந்தது.

எடைக்கு அடுத்தது நாட்காட்டி. புல் முளைக்கும் முன் புறப்பட்டால் மாடு பட்டினி கிடக்கும். முன்சென்ற வண்டிகளின் மாடுகள் மேய்ந்து தீர்த்தபின் சென்றாலும் அதே கதி. மிகத் தாழ்த்தினால் மலையில் பனி மூடும். ஏப்ரல் இறுதிக்கும் மே நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட சில வாரங்களே இந்த மூன்று தடைகளும் விட்டுவைத்த இடைவெளி. ஜூலை 4க்குள் இன்றைய வயோமிங்கிலுள்ள இண்டிபெண்டன்ஸ் பாறையை எட்டினால் கால அளவு சரி என்று பயணிகள் கணக்கு வைத்திருந்தனர். 1846இல் டோனர் குழுவினர் 87 பேர், லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸின் 1845ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்த குறுக்குவழியை நம்பிப் பல வாரங்களை இழந்து, சியரா நெவாடா மலையில் பனிக்கு அகப்பட்டு, ஏறக்குறைய பாதிப் பேரை இழந்தனர். நூல் அச்சேறியபோது ஹேஸ்டிங்ஸ் அந்தக் குறுக்குவழியில் சென்றதே இல்லை.

பத்தாண்டுக்குப் பின், 1856இல், மார்மன் சபை நிதிப் பற்றாக்குறையால் எருது வண்டிக்குப் பதில் மனிதரே இழுக்கும் கைவண்டிகளைப் புகுத்தியபோது, காலமும் மரமும் ஒருங்கே தவறாயின. ஆளுக்கு 17 பவுண்டு உடைமை என்ற கட்டுப்பாடு கண்டிப்பானதுதான். எனினும் வில்லி, மார்ட்டின் ஆகியோர் தலைமையிலான கடைசி இரு குழுக்களுக்கு உலராத மரத்தில் அவசரமாக வண்டி செய்யப்பட்டது. பருவம் கடந்துவிட்டது என்று தன் உறுப்பினரான லெவி சாவேஜ் எச்சரித்தும் கேளாமல் வில்லி குழு ஆகஸ்டில் புல்வெளிக்குள் இறங்கியது. மார்ட்டின் குழு அதற்கும் பின்னாலேயே வந்தது. அக்டோபர் பனியில் இவ்விரு குழுக்களிலும் 200க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதே ஆண்டு முன்னதாகப் புறப்பட்ட மூன்று கைவண்டிக் குழுக்கள் பெரிய இழப்பின்றிச் சேர்ந்தன என்பதால், கைவண்டி முறையை மட்டும் குறை சொல்வது பொருந்தாது.

பொருட்களோடு சேர்த்து ஆயத்தப்படுத்த வேண்டியிருந்த மற்றொன்று, குழுவின் ஒழுங்கு. அமெரிக்கச் சட்டம் எட்டாத நிலத்தில் பல மாதம் செல்ல வேண்டியிருந்ததால், புறப்படும் இடத்திலேயே விதிகள் எழுதிக் கையொப்பமிட்டு, தலைவரைத் தேர்ந்து, காவல் முறையையும் வகுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. 1843இல் சுமார் ஆயிரம் பேர் சென்ற பெருங்குழுவுக்குத் தலைவரான பீட்டர் பர்னெட் சில நாட்களிலேயே பதவி விலகினார். மாடு இல்லாதவர்கள் பிறருடைய மாடுகளுக்கு இரவுக்காவல் நிற்க மறுத்ததால் அந்தக் குழு இலகு அணி, மாட்டு அணி என இரண்டாகப் பிரிந்தது. இரண்டாவதை நடத்தியவர் ஜெசி ஆப்பிள்கேட். பர்னெட் பின்னாளில் கலிபோர்னியாவின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரானார். வண்டிக் கூட்டத்தை ஆள்வது அதைவிடக் கடினம் போலும். இத்தகைய பிளவுகளைக் கண்டுதான் மார்சி, ஐம்பது முதல் எழுபது ஆண்கள் கொண்ட அளவே போதுமென்றும், மாடு செத்தவருக்கு உதவப் பொதுநிதி வேண்டுமென்றும், அதை எழுத்தில் உறுதிசெய்ய வேண்டுமென்றும் வலியுறுத்தினார்.

அச்சம் விற்ற பொருள்களில் முதலிடம் துப்பாக்கிக்கு. பழங்குடியினரின் தாக்குதலை எண்ணிப் பலர் ஆயுதக் குவியலோடு புறப்பட்டனர். அன்ரூவின் கணக்குப்படி 1840–60 காலத்தில் பழங்குடியினரால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பழங்குடியினர் 426 பேர். அதே காலத்தில் தடத்தில் இறந்த பயணிகள் மொத்தம் சுமார் 10,000 பேர். காலராவும் பிற நோய்களும் இவர்களுள் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோயின. ஆறுகளில் மூழ்கியவர்களும், வண்டிக்குள் கவனமின்றிக் கிடந்த சொந்தத் துப்பாக்கியால் மாண்டவர்களும் அடுத்து வந்தனர். காலராவுக்கு எதிராக மருந்துப்பெட்டியில் இருந்தவை அபினிச் சாறும் பாதரச மாத்திரையும் கற்பூரமுமே. முகாமிடும் இடத்தில் கிணறு தோண்டாமல் ஓடும் நீரை எடுப்பதும், அதைக் கொதிக்கவைப்பதும் பயனளித்திருக்கும். நோயின் காரணம் அறியப்படாத காலமாதலால் எந்தப் பட்டியலிலும் இவை ஆயத்தமாக இடம்பெறவில்லை. தாக்குதல் பற்றிய அச்சத்துக்கு மாறாக, அஞ்சப்பட்ட அதே பழங்குடியினரே சால்மன் மீனையும் தோல்செருப்பையும் விற்றும், ஆறுகளைக் கடத்திவிட்டும் பயணத்தை நடத்திக் கொடுத்தனர்.

கையேடுகளின் நம்பகத்தன்மை மெல்ல உயர்ந்ததற்கு வில்லியம் கிளேட்டனின் பணி சிறந்த சான்று. 1847இல் மார்மன் முன்னோடிக் குழுவில் சென்ற அவர், சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி அதன் சுற்றுகளை எண்ணினார். அந்தச் சக்கரத்தின் சுற்றளவுக்கு 360 சுற்று ஒரு மைல். எண்ணிச் சலித்தபின் பல்சக்கர அளவி ஒன்று வண்டியில் பொருத்தப்பட்டது. 1848இல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஓடைக்கு ஓடை, மேட்டுக்கு மேடு தூரத்தைச் சொன்னதால், மார்மன் அல்லாதவர்களும் அதை விரும்பி வாங்கினர். 1850களில் தடத்தின் நெடுகிலும் பாலங்களும் படகுத்துறைகளும் வணிகச் சாவடிகளும் பெருகி, மாவையும் மாட்டையும் வழியிலேயே வாங்க முடிந்ததால், ஆறு மாதத் தேவையை ஒரே மூட்டையாகக் கட்டும் கட்டாயம் தளர்ந்தது. மார்சியின் நூல் அந்தத் தளர்வின் நடுவே வந்தது. பத்தாண்டுக்குப் பின், 1869 மே 10 அன்று யூட்டாவின் பிரமன்டரியில் கண்டம் கடக்கும் இரயில் பாதை இணைந்தபோது, புல் முளைக்கும் வாரத்தைப் பார்த்துப் புறப்பட வேண்டிய தேவை பெரும்பாலான பயணிகளுக்கு இல்லாமற்போயிற்று.