தாமிரபரணிக் கரையில் வட்டி: குறைந்த வட்டி பற்றிய விவாதத்தின் வரலாறு

குறைந்த வட்டி பொருளாதாரத்துக்கு நன்மையா, தீமையா என்பது நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் ஆகும். வட்டி குறைந்தால் கடன் சுமை குறைந்து தொழிலும் வேளாண்மையும் வளரும் என்பது ஒரு தரப்பு. சேமிப்போர் நலிவர், கடன் கொடுப்போர் பின்வாங்குவர் என்பது மறுதரப்பு. இவ்விரு தரப்புகளின் நியாயங்களையும் திருநெல்வேலி வட்டாரத்தின் வரலாற்றில் காணலாம்.

கல்வெட்டுகளில் வட்டி

கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, அன்று இளங்கோக்குடி எனப்பட்ட அவ்வூரின் சபையிடம் மன்னன் 290 காசு ஒப்படைத்ததைக் கூறுகிறது. முதலைச் செலவிடாமல், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் வீதம் 580 கலம் நெல்லைச் சபை கோயிலுக்கு அளக்க வேண்டும். வரகுணனின் திருச்செந்தூர்க் கல்வெட்டிலும் இதே வீதம் உள்ளது. அதன்படி 1,400 காசு கொற்கை, மாறமங்கலம் முதலிய ஊர்களிடம் பிரித்து வைக்கப்பட்டது.

இங்கே காசைப் பெற்றவர்கள் ஊரார். வட்டியை நம்பியிருந்தது கோயில். வீதம் குறைந்தால் ஊராருக்கு ஆதாயம், வழிபாட்டுச் செலவுக்கு இழப்பு. வட்டி நெல்லாக இருந்ததால், விலைவாசி ஏறினாலும் கோயிலுக்கு வரும் நெல்லின் அளவு குறையவில்லை. பணமாக வட்டி பெறும் இன்றைய சேமிப்பாளருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

1938ஆம் ஆண்டுச் சட்டம்

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரு போகம் நெல் விளைகிறது. விதைப்புக்குக் கடன் வாங்கி அறுவடையில் அடைப்பது உழவர் வழக்கம். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் பணத்தில் எழுதப்பட்டிருந்ததால், அதே வட்டியைக் கட்ட முன்னைவிட அதிக நெல்லை விற்க வேண்டியதாயிற்று.

இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியானது. முதலின் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. புதிய கடனுக்கு ரூபாய்க்கு மாதம் ஒரு தம்பிடி, அதாவது ஆண்டுக்கு 6.25 விழுக்காடு தனிவட்டியே உச்சவரம்பு.

சேமிப்போர் தரப்பையும் இச்சட்டம் ஓரளவு கருதியது. வேறு சொத்து இல்லாத பெண் ஒருவர் கடனாகக் கொடுத்திருந்த தொகை, முதல் 3,000 ரூபாய்க்கு மிகாதிருந்தால், இச்சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. கடன் கொடுத்தவர் எல்லோரும் செல்வர் அல்லர். வட்டியே பிழைப்பாக இருந்த ஏழைகளும் அவர்களில் இருந்தனர் என்பதை இவ்விலக்கு காட்டுகிறது.

மறுதரப்பின் வாதம்

வட்டியைச் செயற்கையாகக் குறைத்தால் சேமிப்பு சுருங்கும், கிடைக்கும் கடனும் செல்வாக்குள்ளவர்களுக்கே போய்ச் சேரும் என்று 1973இல் ரொனால்ட் மெக்கின்னன், எட்வர்ட் ஷா ஆகிய பொருளியலாளர்கள் தனித்தனி நூல்களில் வாதிட்டனர். வங்கிக் கடன் கிட்டாத எளியவர் கந்துவட்டிக்காரரிடம் செல்ல நேர்கிறது. தமிழ்நாடு அரசு 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றியது. 2017 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கந்துவட்டிப் புகார் தொடர்பாகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்தது.

அண்மைக் காலம்

கொரோனா காலத்தில், 2020 மே மாதம் ரெப்போ விகிதம் 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 2022 மே வரை அதே அளவில் இருந்தது. வீட்டுக்கடன் பெற்றோருக்கு இது நிம்மதி அளித்தது. வைப்புத்தொகை வட்டியில் வாழ்ந்த முதியோருக்கோ வருமானம் குறைந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 5 விழுக்காடு வட்டி கிடைத்து, விலைவாசி 6 விழுக்காடு உயர்ந்தால், ஆண்டு முடிவில் 1,05,000 ரூபாய் கையில் இருக்கும்; முன்பு ஒரு லட்சத்துக்கு வாங்கிய பொருள்களின் விலையோ 1,06,000 ரூபாயாகியிருக்கும்.

ஆகவே வட்டி விகிதத்தை மட்டும் கொண்டு நன்மை தீமையை முடிவு செய்ய இயலாது. விலைவாசி எவ்வளவு ஏறுகிறது, வட்டியை நம்பி வாழ்வோர் யார், குறைந்த வட்டிக் கடன் எளியவருக்குக் கிடைக்கிறதா என்பவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.